கணக்கில் ஏறாத காடு

பொள்ளாச்சியில் இருந்து டாப்ஸ்லிப் தாண்டிப் போனால் பரம்பிக்குளம். இப்போது அது புலிகள் காப்பகம். ஒரு காலத்தில் அந்தக் காட்டுக்குள் மரம் ஏற்ற ரயில் ஓடியது என்றால் நம்புவீர்களா?

கொச்சி சமஸ்தானம் போட்ட பாதை அது. 1907-ல் ஓடத் தொடங்கியது. பரம்பிக்குளத்தில் இருந்து சாலக்குடி வரை சுமார் 80 கிலோமீட்டர். வெட்டிய தேக்கும் ஈட்டியும் சாலக்குடிக்கு வந்து, அங்கிருந்து பெரிய ரயிலில் கொச்சிக்குப் போயின. செங்குத்தான சரிவுகளில் எஞ்சினுக்கு வேலையே இல்லை. மரம் ஏற்றிய வண்டி இறங்கும்போது அதன் எடையே, கம்பிக் கயிற்றின் மறுமுனையில் கட்டிய காலி வண்டியை மேலே இழுத்துவிடும். காசில்லாத சக்தி!

1951-ல் ஒரு நிதிக் குழு இதை மூடச் சொன்னது. 1963-ல் ரயில் நின்றேவிட்டது.

நான் காமர்ஸ் மாணவன். தண்டவாளத்துக்கும் எஞ்சினுக்கும் தேய்மானம் போடக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். காட்டின் தேய்மானத்தை எங்கே எழுதுவது? மரம் விற்ற பணம் வரவில் ஏறிவிடும். அது வளர்ந்த காலம் எந்தப் பக்கத்திலும் ஏறாது. பரம்பிக்குளத்தில் கோடாரிக்குத் தப்பி நிற்கும் கன்னிமாரா தேக்குக்கு 400 வயதுக்கு மேல் சொல்கிறார்கள்.

எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் பேப்பர் மில்லுக்காகத் தைல மரம் வளர்க்கிறார்கள். வெட்டி லாரியில் ஏற்றும்போது டன் கணக்கு எழுதுகிறார்கள். அது உறிஞ்சிய தண்ணீரை எந்தப் பேரேட்டில் எழுதுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.