தன் முகத்தைத் தானே மழித்தல்

1769ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ஒரு புத்தகம் வெளியாகிறது. அதை எழுதியவர் பிரபுவுமல்ல, பேராசிரியருமல்ல. ழான்-ழாக் பெரே என்னும் கத்திப்பட்டறைக்காரர். தலைப்பைத் தமிழில் சொல்வதானால் ‘தாடி மழித்தல், அல்லது தன்னைத் தானே சவரம் செய்யக் கற்கும் கலை’. எப்படிப்பட்ட கத்தியைத் தெரிவுசெய்வது, எந்தக் கல்லில் தீட்டுவது, தோல்வாரை எவ்வாறு பழக்குவது, முகத்தில் கத்தியை எப்படி ஓட்டுவது என்று ஒன்றுமறியாத ஒருவனுக்கு அது கற்பிக்கிறது.

தன் முகத்தைத் தானே மழிக்க ஒரு புத்தகமா என்று இன்று நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் அதுவரை சவரம் என்பது பெரும்பாலும் இன்னொருவரின் கையால் நடப்பது. கழுத்தை நீட்டிக்கொண்டு அமர்ந்திருக்க, மற்றவன் கத்தியோடு நிற்பான். இந்த உறவின் வரலாறு முகமயிரின் வரலாற்றைவிடப் பெரியது.

ஐரோப்பாவில் நாவிதர் வெறும் மயிர் வெட்டுபவராக இருக்கவில்லை. இரத்தம் வடித்தார், பல் பிடுங்கினார், புண்ணுக்குக் கட்டுப்போட்டார். இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தில், 1540இல், நாவிதரும் சத்திரவைத்தியரும் ஒரே சங்கமாக இணைக்கப்பட்டனர். 1745இல் சத்திரவைத்தியர் பிரிந்து போயினர். ஒரு கத்தி மருத்துவக் கல்லூரிக்குப் போயிற்று. மற்றக் கத்தி சலூனிலேயே தங்கிவிட்டது. எமது நாட்டிலும் இதற்கு ஒத்த கதை உண்டு. தமிழ்நாட்டில் நாவிதச் சமூகத்தவருக்கு மருத்துவர் என்றே பெயர். அவர்களின் பெண்கள் மருத்துவச்சிகளாகப் பிரசவம் பார்த்தார்கள். ஊரின் முதல் அழுகையைக் கேட்டவர்கள் அவர்களே. ஆனால் எமது கதை எந்தக் கல்லூரி வாசலிலும் போய் முடியவில்லை.

பெரேயின் புத்தகம் எழுதப்படக் காரணமாக இருந்தவற்றுள் உருக்கும் ஒன்று. 1740களில் ஷெஃபீல்ட் நகருக்கு அருகே பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்ற மணிக்கூட்டுக்காரர், மணிக்கூட்டு வில்லுக்கு நல்ல உருக்குத் தேடி, மூசையில் இரும்பை முற்றாக உருக்கி வார்க்கும் முறையைக் கண்டறிந்தார். எங்கும் ஒரே சீராக இருந்த அந்த உருக்கில் மெல்லிய, கடினமான வாய் எடுக்க முடிந்தது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசை உருக்கு அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே செய்யப்பட்டது. உருக்கு, உக்கு என்ற எமது சொற்களே திரிந்து ஐரோப்பியர் வாயில் ‘வூட்ஸ்’ ஆனதென்று கருதப்படுகிறது. இந்த இந்திய உருக்கின் இரகசியத்தை அறிய, இலண்டன் கத்திக்காரர் ஜேம்ஸ் ஸ்ரோடார்ட்டோடு சேர்ந்து 1820ஆம் ஆண்டளவில் பரிசோதனை செய்தவர் மைக்கல் ஃபரடே. மின்சாரத்தால் புகழ்பெற்ற அதே ஃபரடேதான். தான் ஆக்கிய புதிய உருக்கில் செய்த சவரக்கத்திகளை நண்பர்களுக்குப் பரிசாகவும் கொடுத்தார்.

கத்தியின் பளபளப்புக்கு விலை கொடுத்தவர்கள் வேறு. ஷெஃபீல்டில் சாணைக்கல்லின் முன் குனிந்திருந்தவர்கள், கல்லின் தூசியையும் உருக்கின் தூசியையும் சுவாசித்து நெஞ்சுநோயால் இளவயதிலேயே இறந்துபோயினர். ஒரு கனவானின் வழுவழுப்பான கன்னத்தின் பின்னால் அந்த இருமலும் இருந்தது.

ஜேர்மனியில் இத்தொழிலின் தலைநகரம் சொலிங்கன். வுப்பர் ஆற்றங்கரையில், நீர்ச்சக்கரத்தால் சுழலும் சாணைக் குடில்களில், தலைமுறை தலைமுறையாகக் கத்தி தீட்டினார்கள். 1938இலிருந்து அவ்வூரின் பெயரைக் கத்தியில் பொறிப்பதற்குச் சட்டப் பாதுகாப்பே உண்டு. எனக்கு அந்தப் பெயர் ஜேர்மனிக்கு வருமுன்பே தெரியும். எங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வருபவரின் தகரப் பெட்டியில் இருந்த கத்தியில் அந்த எழுத்துகள் இருந்தன. ஆங்கிலம் படிக்கத் தொடங்கிய வயதில் எழுத்துக்கூட்டி வாசித்திருக்கிறேன்.

பின்னர் அந்தப் பெயரை வேறுவிதமாக அறிந்தேன். 1993 மே 26ஆம் திகதி ஜேர்மன் நாடாளுமன்றம் அகதித் தஞ்சச் சட்டத்தை இறுக்கியது. மூன்று நாட்களின் பின், 29ஆம் திகதி அதிகாலை, சொலிங்கனில் ஒரு துருக்கியக் குடும்பத்தின் வீட்டுக்கு நிறவெறியர் தீ வைத்தனர். பெண்களும் சிறுமிகளுமாக ஐந்து பேர் இறந்தனர். அந்த நாட்களில் இங்கிருந்த எம்மவர் பலர் படுக்கப்போகுமுன் கதவையும் படிக்கட்டையும் ஒருமுறை பார்த்துவிட்டே படுத்தார்கள்.

சில வருடங்களின் பின் பழஞ்சாமான் சந்தையொன்றில் அதே பெயர் பொறித்த கத்தியைக் கண்டு வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று அப்போது கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க மாட்டேன்.

கற்பது இலகுவல்ல. முதலில் வெந்நீரில் தாடியை நன்கு ஊறவைக்க வேண்டும். பின் சவர்க்கார நுரை. தோல்வாரில் கத்தியை இழுக்கும்போது முதுகு முன்னே போக வேண்டும், வாய் பின்னே வரவேண்டும். திருப்பும்போது முதுகின்மேல் உருட்டித் திருப்ப வேண்டும். மாறிச் செய்தால் தோல் வெட்டுப்படும், வாயும் கெடும். முகத்தில் ஏறத்தாழ முப்பது பாகைச் சாய்வில் பிடிக்க வேண்டும். நிமிர்த்தினால் வெட்டும், படுக்க வைத்தால் மயிரைப் பிடுங்கும். கத்தியை ஒருபோதும் பக்கவாட்டில் நகர்த்தக்கூடாது. மற்றக் கையால் தோலை இழுத்துப் பிடித்து, மயிர் வளரும் திசையிலேயே ஓட்ட வேண்டும். பழகுபவன் முதற் சில நாட்கள் கன்னத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நாடியும் மேலுதடும் கழுத்தும் பிறகு. அழுத்தவே கூடாது, கத்தியின் பாரமே போதும். நான் அழுத்தினேன். இரத்தத்தை நிறுத்தப் படிகாரத்தைத் தேய்த்தபோது அந்த எரிவில் ஊர் முற்றம் நினைவுக்கு வந்தது.

அந்த மனிதர் என் அப்பாவைவிட மூத்தவர். அப்பாவை ‘நயினார்’ என்பார். பத்து வயதான நான் அவரைப் பெயர் சொல்லி ‘நீ’ என்பேன். முற்றத்து வேம்பின் கீழ் வாங்கில் அப்பா இருப்பார். அவர் குந்தியும் குனிந்தும் நிற்பார். விறாந்தையில் ஏறியதில்லை. தேத்தண்ணீர் அவருக்கென ஒதுக்கிய சிரட்டையில். வீட்டின் தலைவரது குரல்வளையில் கத்தி வைக்க அனுமதிக்கப்பட்ட அந்தக் கைக்கு, வீட்டின் குவளையைத் தொட அனுமதி இருக்கவில்லை. ஒரு நாளும் அப்பாவின் முகத்தில் ஒரு கீறல் விழுந்ததாக எனக்கு நினைவில்லை.

யாழ்ப்பாணத்துச் சாதியமைப்பில் பஞ்சமர் எனப்பட்ட ஐந்து சமூகங்களுள் அவரது சமூகமும் ஒன்று. பிறப்பால் விதிக்கப்பட்ட குடிமைத் தொழில் அது. யாருக்குச் சவரம் செய்யலாம், யாருக்குச் செய்யக்கூடாது என்பதையும் மேலிருந்தவர்களே தீர்மானித்தனர். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் கதவு திறக்காதபடியால் 1960களின் பிற்பகுதியில் தேநீர்க்கடைகளிலும் கோயில் வாசல்களிலும் மக்கள் போராட வேண்டியிருந்தது.

பெரேக்கு வருவோம். தச்சரின் சீவுளியைப் பார்த்து, வாய்க்கு மரக்காப்பு வைத்த ஒரு கத்தியையும் அவர் செய்தார். அந்த எண்ணத்தின் நீட்சிதான் கிங் கில்லெட்டின் அலகு. 1903இல் அவர் விற்றவை 51 சவரக்கருவிகளும் 168 அலகுகளும் மட்டுமே. 1904இல் காப்புரிமை கிடைத்தது. முதலாம் உலகப்போரில் அமெரிக்கப் படையினர் இலட்சக்கணக்கில் அதைப் பழகிக்கொண்டு வீடு திரும்பினர். அதன்பின் யாரும் யாருக்கும் கழுத்தை நீட்டத் தேவையில்லாமற் போயிற்று.

தன் முகத்தைத் தானே மழிப்பதைப் பெரே சுதந்திரமென்று எண்ணியிருக்கலாம். எங்களிடமோ அலகு வந்த பின்பும் முற்றத்து வாங்கு அப்படியே இருந்தது. ஏனெனில் எங்களுக்குத் தேவைப்பட்டது சவரம் மட்டுமல்ல; குனிந்து நிற்க ஒருவர்.

இப்போது வாரத்தில் ஒருநாள் அந்தக் கத்தியை எடுக்கிறேன். இன்னும் நாடியின் கீழ் கை நடுங்குகிறது. அவருக்கு நடுங்கியதில்லை. அந்தக் கைத்திறனின் பெயரை நாங்கள் வசைச்சொல்லாக வைத்திருந்தோம். 1995 இடப்பெயர்வின் பின் அவர் எங்கே போனாரென்று ஊரில் விசாரித்தேன். கேட்டவர்களுக்கு அவரது பெயர் தெரியும். ஆனால் அவர் எங்கே போனார் என்று கவனித்தவர் ஒருவருமில்லை.