ரெண்டு சாவு, ரெண்டு விதக் கண்ணீர்

2008-ல ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துல ஒரு ஆராய்ச்சி பண்ணினாங்க. 11 ஆண்கள், 11 பெண்கள். எம்ஆர்ஐ மெஷினுக்குள்ள படுக்க வச்சு ஒரு கேம் ஆட விட்டாங்க. சுவரை நோக்கி வர்ற பந்துகளை கிளிக் பண்ணி காலி பண்ணணும். சுவர்கிட்ட பந்து வராமப் பாத்துக்கிட்டா உங்க நிலம் கூடும், விட்டா குறையும். அவ்ளோதான். பரிசு கிடைச்சா குஷியாகும் மூளைப்பகுதி ஆண்களுக்குக் கூடுதலா வேலை செஞ்சுதுன்னு முடிவு வந்துச்சு.

ஆராய்ச்சியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா இதை வச்சுக்கிட்டு "கேம்னாலே ஆம்பளை மூளைக்குத்தாம்பா" என்று சில பேர் பேசும்போதுதான் கடுப்பாகுது. அவங்க அளந்தது நிலம் பிடிக்கிற ஒரே ஒரு விளையாட்டை. 22 பேர்கிட்ட ஒரு நாய்க்குட்டியை வளர்க்கக் கொடுத்து அது செத்தபிறகு மூளையைப் படம் பிடிச்சிருந்தா என்ன தெரிஞ்சிருக்கும்?

சிரிக்காதீங்க. அப்படி ஒரு பரிசோதனை, யாரும் திட்டம் போடாமலேயே, ஜப்பானில் நடந்து முடிஞ்சிருக்கு. 1996 நவம்பரில் பண்டாய் கம்பெனி தமகோச்சியை விற்பனைக்கு விட்டது. முட்டை வடிவத்துல, உள்ளங்கைக்குள்ள அடங்குற பிளாஸ்டிக் பொம்மை. மூணே மூணு பட்டன். திரையில ஒரு குஞ்சு பொரிக்கும். சோறு ஊட்டணும், கழிவைச் சுத்தம் பண்ணணும், ராத்திரி விளக்கை அணைக்கணும். கவனிக்கலைன்னா செத்துப் போகும். நல்லா கவனிச்சாலும் வயசாகி ஒருநாள் போய்ச் சேர்ந்துடும். அப்புறம் திரையில ஒரு கல்லறையும் பேயும். (வெளிநாட்டுக்கு ஏற்றுமதி பண்ணும்போது பேயை தேவதையாக்கிட்டாங்க. பிள்ளைங்க பயந்துடுமாம்.) பள்ளிக்கூடம் போற பொண்ணுங்களைக் குறி வச்சு செஞ்ச பொருள் இது. வகுப்பு நேரத்தில் செத்துடுமேன்னு பையில ஒளிச்சு எடுத்துட்டுப் போனாங்க, பல பள்ளிகளில் தடை போட்டாங்க. இங்கிலாந்தில் கார்ன்வால் பக்கம் செல்லப்பிராணிகளைப் புதைக்கிற இடுகாட்டில் இதுக்குன்னே ஒரு மூலையை ஒதுக்கினாங்க!

உலகம் இதை எப்படிப் பாத்துச்சு? சிரிச்சுது. 1997-ல கிண்டல் பரிசான இக்நோபலை, அதுவும் பொருளாதாரத்துக்கு, தமகோச்சியை உருவாக்கின ரெண்டு பேருக்குக் கொடுத்தாங்க. கோடிக்கணக்கான மணி நேர உழைப்பை இல்லாத பிராணியை வளர்க்கத் திருப்பிவிட்ட சாதனைக்காக. :-)

இப்ப இன்னொரு சாவு. தமகோச்சி வந்து ரெண்டே மாசம், 1997 ஜனவரி. அதே ஜப்பானில் ஃபைனல் ஃபேன்டஸி 7 வெளியாச்சு. மூணு சிடி. முதல் சிடி முடியும்போது பூ விற்கிற பொண்ணு ஏரித் மண்டியிட்டுப் பிரார்த்தனை பண்ணிட்டிருப்பா. வில்லன் செஃபிராத் மேலேர்ந்து குதிச்சு கத்தியைச் சொருகிடுவான். அவ்வளவு நேரம் கூடவே நடந்து, அவளுக்கு மருந்தும் ஆயுதமும் வாங்கிக் கொடுத்து ஆடினவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? உலகம் பூரா பசங்க அழுதாங்க. அவளை உயிர்ப்பிக்க ரகசிய வழி இருக்குன்னு வதந்திகள் வருஷக்கணக்கில் இணையத்துல சுத்துச்சு. இதுக்குக் கிடைச்ச பேரு வேற: "வீடியோ கேம் கலையாகிவிட்டது."

பொண்ணுங்க அழுதா பைத்தியம், பசங்க அழுதா கலை. நல்லா இருக்குல்ல?

நிற்க. ரெண்டு அழுகையும் ஒண்ணுதான்னு நான் சொல்ல வரலை. தமகோச்சி செத்தா "நான்தான் சரியாப் பாத்துக்கலை" என்கிற குற்ற உணர்ச்சி வரும். கையில் மிச்சம் ஒரு கல்லறை, பட்டனை அழுத்தினா இன்னொரு முட்டை. ஏரித் செத்ததில் ஆடுறவன் தப்பு எதுவுமில்லை, என்ன பண்ணியும் தடுக்க முடியாது. அவ விழுந்த அடுத்த நிமிஷமே ஒரு அரக்கன் வருவான், சண்டை ஆரம்பிச்சுடும். நொபுவோ உவேமட்ஸு போட்ட சோக இசை மட்டும் நிக்காம சண்டை முழுக்க ஓடிக்கிட்டே இருக்கும். அழுதுகிட்டே அடிக்கணும். ஆக, பொண்ணு கையில குற்ற உணர்ச்சி, பையன் கையில பழிவாங்க ஒரு வாள். இது மூளை பிரிச்ச பிரிவா, கம்பெனி பிரிச்ச பிரிவா?

எனக்கு ரெண்டாவதுதான்னு தோணுது. 1997 ஜூனில் அதே பண்டாய், பசங்களுக்குன்னு டிஜிட்டல் மான்ஸ்டர்னு ஒண்ணை இறக்குச்சு. நம்ம டிஜிமானுக்கெல்லாம் தாத்தா. உள்ளே பாத்தா அதே முட்டை, அதே சோறு ஊட்டல், அதே கழிவு சுத்தம் பண்ணல். கூடுதலா ஒண்ணே ஒண்ணு: ரெண்டு பொம்மையை ஒட்ட வச்சா ரெண்டும் சண்டை போடும். பையன் கழிவு அள்ளுறதுக்கும் தாலாட்டுறதுக்கும் ஒரு சாக்கு வேணும், அந்தச் சாக்குக்குப் பேரு சண்டை. கம்பெனிக்காரன் கணக்கு இதுதான்.

இத்தனைக்கும் அந்தச் சாக்கு இல்லாமலேயே பசங்க அழுதிருக்காங்க. 1983-ல ஸ்டீவ் மெரட்ஸ்கி எழுதின பிளானட்ஃபால்னு ஒரு கேம். படமே கிடையாது, முழுக்க எழுத்து. ஃப்ளாய்ட்னு ஒரு ரோபோ, குழந்தை மாதிரி கூடவே சுத்தும். ஒரு கட்டத்துல நமக்குத் தேவையான அட்டையை எடுக்க, பயங்கர மிருகங்கள் இருக்கிற ஆய்வுக்கூடத்துக்குள்ள தானே ஓடும். கதவைத் திறக்கிறது, அது உள்ளே போனதும் சாத்துறது, தட்டும்போது மறுபடி திறக்கிறது எல்லாமே நாமதான். அட்டையோட வெளியே வந்து நம்ம மடியிலேயே உயிரை விடும். நாம அதுக்குப் பிடிச்ச பாட்டைப் பாடிக்கிட்டு உக்காந்திருப்போம். அடிக்க அரக்கனும் இல்லை, பழிவாங்க வாளும் இல்லை. அந்தக் காலத்துல கம்ப்யூட்டர் கேம் ஆடினவங்கள்ல பெரும்பாலும் ஆம்பளைங்கதான். ஃப்ளாய்டுக்காக அழுதேன்னு இன்னைக்கும் நரைச்ச தலைகள் எழுதிக்கிட்டிருக்கு.

டிஜிட்டல் மான்ஸ்டரும் சரியாப் பாத்துக்கலைன்னா சாகும். அதை வளர்த்த அண்ணன்மார் யாராவது இந்தப் பக்கம் வந்தா, அது செத்த ராத்திரி என்ன தோணுச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. எத்தனை சண்டை ஜெயிச்சுதுன்னு மட்டும் சொல்லாதீங்க, ப்ளீஸ்.