நாத்திகர் என்றால் யார்?

'நாத்திகர்' என்றால் கடவுள் இல்லைன்னு சொல்றவர்தானே? இன்றைய வழக்குக்குச் சரி. பழைய நூல்களுக்கு அது போதாது.

'ந அஸ்தி' (இல்லை) என்ற வடசொல்லடியில் பிறந்த இச்சொல், வைதிக மரபில் வேதத்தின் அதிகாரத்தை ஏற்காதவரைக் குறித்தது. ஆகவே உலோகாயதத்தோடு சமணமும் பௌத்தமும் அதில் அடங்கின. படைப்புக் கடவுளை வலியுறுத்தாத சாங்கியமோ, வேதத்தை ஏற்றதால் ஆத்திகம் ஆனது! 1925இல் எழுந்த சுயமரியாதை இயக்கமும் பெரியாரின் பேச்சும் கடவுள் மறுப்பு என்ற பொருளைத் தமிழரிடம் பரவலாக்கின.

ஒரு மாணவி, 'சமணர் நாத்திகர். அவர்களுக்கு வழிபாடே இல்லை' என்று எழுதினாள். நானும் சரி போட்டுவிட்டேன். சித்தன்னவாசல் குடைவரைக் கோயில் யாருடையதுன்னு அப்புறம்தான் உறைத்தது.

விடை எழுதுமுன் கேளுங்கள்: எந்தக் காலத்தில், யார், யாரை அப்படி அழைத்தார்?