வேட்டையின்பம் யாருக்கு?

சிலிம் ரிவர் வட்டாரத் தோட்டங்களில் விடியற்காலைப் பெரட்டு முடிந்து, ஆட்கள் செம்பனை நிரைகளுக்குள் புகும் வேளையில், லயத்து நாய்களும் அவர்களுடன் புறப்பட்டுச் செல்வது வழக்கம். வழியில் ஏதேனும் ஒரு நாய் சட்டென்று நிற்கும். கால்வாயோரத்துப் புல்லில் அதன் மூக்குப் புதையும், வால் விறைக்கும், அடுத்த கணம் கானாங்கோழியொன்று படபடவென்று எழுந்து மறையும். பறவை அகப்படுவதில்லை, எவர் வயிறும் அதனால் நிறைவதில்லை. ஆயினும், வேலைக்குச் செல்லும் அம்மக்களின் முகத்தில் ஒரு மலர்ச்சி தோன்றும். நாயின் பெயரைச் சொல்லி நகைப்பர். செக்ரோல் புத்தகமும் கையுமாக நிற்கும் கிராணியாகிய யானும் அவர்களுடன் சேர்ந்து நகைத்ததுண்டு.

இவ்வின்பம் மிகப் பழமையானது. உவகை பிறக்கும் இடங்கள் நான்கு என வகுத்த தொல்காப்பியர், விளையாட்டையும் அவற்றுள் ஒன்றாகவே வைத்தார். நாயோடு வேட்டைக்குச் செல்லும் குறிஞ்சி நில மக்களைச் சங்க நூல்களில் பல இடங்களிற் காண்கிறோம். ஆகவே, வேட்டையின்பத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. அதனைத் துய்க்க எவருக்கு உரிமை இருந்தது? அதற்காக உழைத்தவர் எவர்? இவையே நாம் விசாரிக்க வேண்டுவன.

நாயைக் கொண்டு பறவை வேட்டையாடுதல் இங்கிலாந்தில் ஒரு கலையாகவே வளர்ந்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வோர் இனம் பேணப்பட்டது. பறவையின் வாடை பட்டதும் ஒரு காலைத் தூக்கியவாறு சிலைபோல் நின்று திசை காட்டுவது பாயிண்டர். பதுங்கிப் படுத்துக் காட்டுவது செட்டர். துப்பாக்கி பரவுமுன்னர், படுத்த நாயின் மேலாகவே வலையை இழுத்துப் பறவைகளைப் பிடித்தனர். புதருக்குள் நுழைந்து பறவையை எழுப்புவது ஸ்பானியல்; உட்காக் என்னும் பறவையை எழுப்பியதனாலேயே அதில் ஒரு வகைக்குக் காக்கர் எனப் பெயர் வந்தது. சுடப்பட்டு வீழ்ந்ததைப் பல் படாமல் மெல்லக் கவ்விக் கொணர்வது ரிட்ரீவர். சொல்லாமலே ஒன்றன் மனத்தை மற்றொன்று அறிந்து, மனிதனும் விலங்கும் ஒரு காரியத்தில் கூடியுழைக்கும் அக்காட்சி மெய்யாகவே இனியது. வேட்டைக்காரர் பலர் துப்பாக்கியை விட நாயையே பெரிதும் நேசித்தனர் என்பதில் வியப்பில்லை.

ஆனால் அவ்வின்பத்தின் வாயிலில் ஒரு காவலன் நின்றான். அவன் பெயர் சட்டம். 1671-ம் ஆண்டில் இயற்றப்பட்ட இங்கிலாந்தின் வேட்டைச் சட்டம், ஆண்டுக்கு நூறு பவுன் வருமானம் தரும் சொந்த நிலம் உடையவரும், அவரையொத்த வேறு சில உயர்ந்தோருமே வேட்டையாடலாம் என விதித்தது. தகுதியற்றோர் வீட்டிற் புகுந்து துப்பாக்கி, வலை, வேட்டை நாய் ஆகியவற்றைப் பறிக்கவும் பிரபுக்களின் காவலர்க்கு அதிகாரம் அளித்தது. ஏழை உழவன் தன் வயலில் வந்து மேய்ந்த கௌதாரியைத் தொட்டாலும் குற்றவாளி ஆனான். பயிர் அவனுடையது, பயிரைத் தின்ற பறவை பிரபுவினுடையது! இந்த அநீதி 1831-ம் ஆண்டு வரை, நூற்றறுபது ஆண்டுகள் நீடித்தது. கடவுள் படைத்த பறவைக்கும் மனிதன் வேலி போட்டான். அவ்வேலிக்கு வெளியே நின்றவன் எந்நாட்டிலும் உழைப்பாளியே.

நிற்க. அப்பிரபுக்களின் பழக்கம் கப்பலேறிக் கீழ்நாடுகளுக்கு வந்தபோது நிகழ்ந்தது யாது? இங்கே அவர்களுக்குப் பிடித்த பறவை உள்ளான். நீண்டு நேரான அலகும், சேற்றின் நிறத்தை ஒத்த வரியிறகும் உடைய சிறு பறவை அது. சைபீரியப் பகுதிகளில் குஞ்சு பொரித்து, ஆவணி புரட்டாசியில் ஆயிரக்கணக்கான மைல் பறந்து இந்தியாவின் வயல்களுக்கும் மலாயாவின் வயல்களுக்கும் வருகிறது. அலகின் நுனியால் சேற்றுக்குள் துழாவிப் புழுவைத் தேடித் தின்கிறது. ஆள் நெருங்கும் வரை அசையாதிருந்து, கரகரத்த ஒரு குரலுடன் எழுந்து, வலமும் இடமுமாக வளைந்து பறக்கும். அதனைச் சுடுவது அரிய திறமை எனக் கருதப்பட்டது. 1770-களில் இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையினர் உள்ளான் வேட்டையைக் குறிக்க வழங்கிய சொல்லிலிருந்தே, மறைந்திருந்து மனிதரைச் சுடுவோனைக் குறிக்கும் ஸ்னைப்பர் என்னும் சொல் பிறந்தது. விளையாட்டுக்குப் பழகிய கை எங்கே போய் நின்றது, பாருங்கள்.

சீமை நாய்களுக்கோ இந்த நாடுகளின் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. சூட்டில் வாடை விரைவில் மறைந்தது. உண்ணிக் காய்ச்சலால் பல நாய்கள் மாண்டன. முழங்காற் சேற்றில் அவை விரைவிற் சோர்ந்தன. ஆகவே நாய் செய்ய வேண்டிய வேலையைச் செய்ய மனிதர் அமர்த்தப்பட்டனர். கூலியாட்கள் வயலின் குறுக்கே நிரையாக நடந்து பறவையை எழுப்பினர். வீழ்ந்த இடத்தைக் குறித்துவைத்து, சேற்றில் இறங்கி எடுத்து வந்தனர். தோட்டாப் பையும் தண்ணீர்க் குடுவையும் அவர்கள் தோளில் ஏறின. இங்கிலாந்தில் ஏழையிடமிருந்து நாயைப் பறித்தனர். கீழ்நாடுகளில் ஏழையை நாயின் இடத்திலேயே நிறுத்தினர். இந்தச் சரித்திரம் முழுதும் இவ்விரு வாக்கியங்களில் அடங்கும்.

என் பாட்டனார் அவ்வாறு நடந்தவருள் ஒருவர். போருக்குப் பின்வந்த ஆண்டுகளில், பதினைந்து வயதுப் பையனாக, துரையின் உள்ளான் வேட்டைக்கு அயலிலிருந்த நெல்வயல்களில் நிரையில் நடந்திருக்கிறார். தோட்டத்தின் பெயரோ துரையின் பெயரோ இங்கே வேண்டுவதில்லை. முதுமையிலும் அந்நாட்களை அவர் மகிழ்ச்சியோடே கூறுவார். பனி படர்ந்த வயல், பறவை எழும் ஒலி, துரையின் பழுப்பு நிற நாய் நீரில் நீந்தி வரும் அழகு, எல்லாம் அவர் நினைவில் பசுமையாக இருந்தன. அந்நாயின் பெயர் ஜிம்மி. "அது என் கையிலே சோறு தின்னும்" என்பார். "துரை உங்களை எப்படிக் கூப்பிடுவார், தாத்தா?" என்று ஒருநாள் கேட்டேன். சிறிது நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "கூப்பிட மாட்டார், அப்பா, கையைக் காட்டுவார்" என்றார். நாய்க்குப் பெயர் இருந்தது. எம் பாட்டனாருக்குச் செக்ரோலில் ஓர் எண் இருந்தது.

நாய்க்குப் பெயரிட்டது குற்றமன்று. திருவண்ணாமலைப் பக்கத்து எடத்தனூரில், ஏழாம் நூற்றாண்டில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உளது. வீரனுடன் அவன் நாயும் அதிற் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்வரைக் கடித்துக் காத்து நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்பதும் பொறிக்கப்பட்டிருக்கிறது. உழைத்த நாய்க்கும் கல்லில் இடமளித்த பெருந்தன்மை அது. உழைத்த மனிதனின் பெயரைக் கேட்கவும் மனமில்லாமற் போனதே நாம் வருந்துவது.

இனி, பறவையின் பங்கு யாது என்றும் கேட்க வேண்டும். இதற்கு விடை செங்கற்பட்டுச் சீமையில் உளது. வேடந்தாங்கல் ஏரியில் வந்து கூடுகட்டும் நாரைகளையும் கொக்குகளையும் ஆங்கிலச் சிப்பாய்கள் சுட்டு விளையாடினர். எழுத்தறியாத அவ்வூர் உழவர் அஞ்சவில்லை. கலெக்டர் லயோனல் பிளேஸ் என்பவரிடம் முறையிட்டனர். பறவைகளின் எச்சம் ஏரிநீரிற் கலந்து தம் வயலுக்கு உரமாவதை அவர்கள் தலைமுறையாக அறிந்திருந்தனர். 1798-ம் ஆண்டில், பறவைகளைக் காக்கும் அவ்வூராரின் உரிமையைக் கலெக்டர் கௌல் என்னும் உரிமைப் பத்திரம் வாயிலாக ஒப்புக்கொண்டார். 1936-ம் ஆண்டில் அந்த ஏரி சரணாலயமாக ஏற்கப்பட்டது. 2022-ம் ஆண்டில் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. இங்கிலாந்தின் சட்டம் பிரபுவின் விளையாட்டுக்காகப் பறவையைக் காத்தது; வேடந்தாங்கல் உழவர் பறவையை விளையாட்டினின்று காத்தனர். எது நாகரிகம் என வாசகரே தீர்ப்புக் கூறுக.

மலாயாவிலும் ஒரு மனமாற்றம் நிகழ்ந்தது. தோட்டத் துரையாகவும் பேர்பெற்ற வேட்டைக்காரராகவும் இருந்த தியோடோர் ஹப்பேக் என்பவர், பின்னர் வனவிலங்குகளைக் காக்க முன்னின்றார். 1932-ம் ஆண்டில் வெளிவந்த வனவிலங்கு ஆணைக்குழு அறிக்கை அவர் உழைப்பால் உருவானது. இன்று தாமான் நெகாரா எனப்படும் காடு தேசியப் பூங்காவானதும் அம்முயற்சியின் பயனே. அதன் பின் 1972-ம் ஆண்டுச் சட்டமும், 2010-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. இப்போது பாதுகாக்கப்பட்ட பறவையை உரிமமின்றி வேட்டையாடுவது, துரையாயினும் தொழிலாளியாயினும், ஒருங்கே குற்றம். நூறு பவுன் நிலத்தைக் கேட்காத சட்டம் என்பதனால் அதனை நாம் வரவேற்க வேண்டும்.

ஆனால் நம் தோட்டத்து இளைஞர் சிலர் கண்ணி வைத்துக் கானாங்கோழி பிடிப்பதும், உண்டிவில்லால் உள்ளானை அடிப்பதும் இன்னும் நின்றபாடில்லை. அவர்களுக்கு ஒரு வார்த்தை. துரைமாரின் பழக்கத்தில் நாம் கைக்கொள்ளத் தக்கது கொல்லும் பகுதியன்று. அதிகாலையில் நாயுடன் வயலோரம் நடந்து, அதன் மூக்கு அறிவதைக் கண்ணால் அறிந்து, ஒரு பறவை எழுவதைக் கண்டு களிப்பதே அதன் உயிர்நிலை. அதற்குத் துப்பாக்கி வேண்டா, நிலம் வேண்டா, சேற்றில் நடக்க வேறொருவன் பிள்ளையும் வேண்டா.

நாளைப் பெரட்டிலும் நாய் நிற்கும், பறவை எழும். உழைப்பாளி நகைப்பான். அந்நகைப்பு இனி எவர் கொடுத்த சலுகையும் அன்று, அவனுக்கே உரியது.