ஆயிரம் சேர்வர்களுக்கு ஒரு பேரேடு: பெரிய கணினித் தொகுதிகளைத் தானியக்கமாக நிர்வகிப்பது எப்படி?

வங்கி, வைத்தியசாலை, விமான நிறுவனம், வரித் திணைக்களம் என்று எதை எடுத்தாலும், அதன் பின்னால் நூற்றுக்கணக்கிலிருந்து பல்லாயிரம் வரையான சேர்வர்கள் இயங்குகின்றன. ஒவ்வொரு சேர்வரிலும் எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு இருக்க வேண்டும், யார் உள்நுழையலாம், எந்த இணைப்பைத் திறக்க வேண்டும், எதைப் பூட்ட வேண்டும் என்று பல தீர்மானங்கள் உண்டு. இவற்றின் தொகுப்பே அமைவடிவம். துறையில் இருக்கும் நம் பிள்ளைகள் இதைக் கொன்ஃபிகரேஷன் என்பார்கள்.

மூன்று சேர்வர்கள் என்றால் ஒருவர் ஒவ்வொன்றாக உள்நுழைந்து கையால் மாற்றிவிடலாம். முந்நூறு என்றால் எங்கோ ஒன்று விடுபடும். அவசரத்துக்கு ஒருவர் இரவில் செய்த மாற்றம் எழுதிவைக்கப்படாது. ஒரே மாதிரி இருக்க வேண்டியவை மெல்ல மெல்ல ஒன்றுக்கொன்று வேறுபடும். இதை அமைவடிவ விலகல் என்கிறார்கள். காசேட்டு மீதியும் வங்கிக்கூற்று மீதியும் ஒத்துப்போகாத நிலை போன்றது இது. இணக்கக் கூற்றுத் தயாரிக்கும் வரை யாருக்கும் தெரியாது.

எட்டில் ஒன்று

விலகலின் விலைக்கு நன்கு ஆவணப்படுத்தப்பட்ட உதாரணம் அமெரிக்காவின் நைட் கப்பிற்றல் நிறுவனம். பங்குக் கட்டளைகளைச் சந்தைக்கு அனுப்பும் அதன் தொகுதி எட்டு சேர்வர்களில் இயங்கியது. 2012 ஆகஸ்ட் 1 அன்று நியூயோர்க் பங்குச் சந்தையில் தொடங்கவிருந்த ஒரு திட்டத்துக்காகப் புதிய நிரல் ஏற்றப்பட்டது. ஏற்றிய தொழில்நுட்பவியலாளர் ஏழு சேர்வர்களில் ஏற்றினார், எட்டாவது விடுபட்டது. அதில் 2003 முதல் பயன்பாட்டில் இல்லாத, ஆனால் நீக்கப்படாத ஒரு பழைய நிரல் கிடந்தது. புதிய நிரலுக்கான சமிக்ஞை அங்கே பழையதை எழுப்பிவிட்டது.

45 நிமிடங்களில் 154 நிறுவனங்களின் பங்குகளில் சுமார் 40 இலட்சம் பரிவர்த்தனைகள் நடந்தன. நட்டம் 46 கோடி டொலருக்கும் மேல். சந்தை திறப்பதற்கு முன்பே பிழையைக் குறிப்பிட்டு 97 தானியங்கி மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குப் போயிருந்தன. எவரும் அவற்றின்படி நடவடிக்கை எடுக்கவில்லை. கோளாறைத் திருத்த முயன்றபோது, சரியாக இருந்த ஏழு சேர்வர்களிலிருந்தும் புதிய நிரலை நீக்கியதால் நிலைமை மேலும் மோசமானது. 2013 ஒக்டோபரில் அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணைக்குழு 1 கோடி 20 இலட்சம் டொலர் அபராதம் விதித்தது. ஏற்றிய வேலையை இரண்டாம் நபர் ஒருவர் சரிபார்க்கவில்லை, அப்படிச் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்துமூல நடைமுறையும் இருக்கவில்லை என்று ஆணைக்குழு சுட்டிக்காட்டியது. கணக்காய்வாளர் எவருக்கும் பழக்கமான வாசகம் இது.

ஒஸ்லோவில் தொடங்கிய வழி

இதற்கான தீர்வு அப்போது புதிதல்ல. 1993இல் நோர்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் கோட்பாட்டு இயற்பியல் ஆய்வாளராக இருந்த மார்க் பர்ஜெஸ், அங்கிருந்த யுனிக்ஸ் கணினிகளைப் பராமரிக்க சிஎஃப்எஞ்ஜின் என்ற கருவியை எழுதினார். 2005இல் பப்பெட், 2009இல் செஃப், 2011இல் சோல்ட், 2012இல் அன்சிபிள் என்று அடுத்தடுத்த கருவிகள் வந்தன. அன்சிபிளை 2015இல் ரெட் ஹற் நிறுவனம் வாங்கியது.

இவற்றின் அடிப்படை ஒன்றே. என்னென்ன செய்ய வேண்டும் என்று படிப்படியாகக் கட்டளையிடுவதில்லை. முடிவில் எந்த நிலை இருக்க வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதுகிறோம். கருவி ஒவ்வொரு சேர்வரையும் அந்தக் கோப்போடு ஒப்பிட்டு, வேறுபாடு உள்ள இடத்தை மட்டும் திருத்துகிறது. பப்பெட்டில் ஒவ்வொரு சேர்வரிலும் இருக்கும் முகவர் நிரல், வழமையாக 30 நிமிடங்களுக்கு ஒருமுறை இந்த ஒப்பீட்டைச் செய்கிறது. அன்சிபிளுக்கு முகவர் தேவையில்லை. அது வெளியிலிருந்து பாதுகாப்பான இணைப்பு வழியாக உள்நுழைந்து வேலையை முடிக்கிறது.

கணக்கு மொழியில் சொன்னால், “கணக்கில் 100 டொலர் வைப்புச் செய்” என்பது ஒரு கட்டளை. தவறுதலாக இருமுறை ஓடினால் 200 சேர்ந்துவிடும். “கணக்கின் மீதி 100 டொலராக இருக்க வேண்டும்” என்பது நிலை. எத்தனை முறை ஓடினாலும் மீதி 100தான். இந்தப் பண்பை ஐடெம்பொட்டன்ஸ் என்கிறார்கள். எத்தனை சேர்வர்களில், எத்தனை தடவை வேண்டுமானாலும் துணிந்து ஓட்டக்கூடியதாக இருப்பது இதனால்தான்.

அந்தக் கோப்புகள் கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில் வைக்கப்படுகின்றன. எந்த வரியை யார், எப்போது, எதற்காக மாற்றினார் என்பது அதில் பதிவாகிறது. நல்ல பேரேட்டைப் போலவே, பழைய பதிவை அழிக்காமல் திருத்தப் பதிவு இடுவதே முறை. மாற்றம் நடைமுறைக்கு வருமுன் இன்னொருவர் படித்து அனுமதிக்க வேண்டும் என்றும் விதி வைக்கலாம். காசோலைக்கு இரண்டாவது கையொப்பம் கேட்பது போன்றதுதான் அது.

கருவியும் தவறு செய்யும்

கையால் செய்யும்போது ஒரு சேர்வரில் நடக்கும் பிழை, தானியக்கத்தில் ஒரே கணத்தில் ஆயிரத்துக்குப் பரவும். 2017 பெப்ரவரி 28 அன்று அமேசன் ஊழியர் ஒருவர், அனுமதிக்கப்பட்ட நடைமுறைப்படியே சில சேர்வர்களை நீக்க ஒரு கட்டளை இட்டார். அதில் ஒரு உள்ளீடு பிழையானதால் மிகப் பெரிய தொகுதி ஒன்று நீங்கியது. அமெரிக்காவின் பல இணையத்தளங்கள் மணிக்கணக்கில் தடுமாறின. அதன் பின் அமேசன், சேர்வர்களை மெதுவாக மட்டுமே நீக்கும்படியும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகாதபடியும் கருவியை மாற்றியது.

2021 ஒக்டோபர் 4 அன்று பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றும் சுமார் ஆறு மணிநேரம் முடங்கியதற்கும் பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளையே காரணம். அத்தகைய கட்டளையைத் தடுக்க ஒரு சரிபார்ப்புக் கருவி இருந்தது. அதிலேயே ஒரு வழு இருந்ததால் அது தடுக்கவில்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பு ஒன்று சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை நிறுத்தியதாக மைக்ரோசொஃப்ட் மதிப்பிட்டது. விமானங்கள் இரத்தாகின, வைத்தியசாலைச் சேவைகள் பாதிக்கப்பட்டன.

கேட்க வேண்டிய கேள்விகள்

தானியக்கம் ஆளைக் குறைக்கும் வழி என்றே பல நிர்வாகங்கள் நினைக்கின்றன. அது குறைப்பது தட்டச்சு வேலையை, பொறுப்பை அல்ல. இருக்க வேண்டிய நிலை எழுத்தில் உள்ளதா? மாற்றத்தை எழுதுபவரும் அனுமதிப்பவரும் வெவ்வேறு ஆட்களா? முதலில் ஒரு சில சேர்வர்களில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றுக்குப் போகிறார்களா? பழைய நிலைக்குத் திரும்பும் வழி பரீட்சிக்கப்பட்டுள்ளதா? எச்சரிக்கை மின்னஞ்சல் வந்தால் அதைப் படித்து முடிவெடுக்கும் பொறுப்பு யாருடையது? இவை அனைத்தும் உள்ளகக் கட்டுப்பாட்டின் பழைய பாடங்கள். கணினி படிக்காதவரும் ஒரு நிர்வாகக் கூட்டத்தில் இவற்றைக் கேட்கலாம்.

பத்துக் கணினிகள் உள்ள தமிழ்ப் பாடசாலைக்கோ கடைக்கோ பப்பெட் தேவைப்படாமல் இருக்கலாம். ஆனால் எந்தக் கணினியில் என்ன மென்பொருள், கடவுச்சொற்கள் யார் பொறுப்பில், கடைசியாக எப்போது பிரதி எடுக்கப்பட்டது என்று ஒரு பட்டியல் எழுதி, மாதம் ஒருமுறை வேறொருவர் அதைக் கணினிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். பெரிய நிறுவனங்களின் கருவிகள் செய்வதும் அடிப்படையில் அந்த ஒப்பீட்டைத்தான்.