புத்தகத்தை மூடினால்தான் பாடம் பதியும்

தேர்வு நெருங்கிவிட்டால் பெரும்பாலான மாணவர்கள் பாடநூலைத் திரும்பத் திரும்பப் படிப்பார்கள். முக்கிய வரிகளுக்கு மஞ்சள் மை பூசுவார்கள். நான்காவது முறை படிக்கும்போது வரிகள் பழகிப்போகின்றன. பழகியதையே தெரிந்ததாக மனம் எடுத்துக்கொள்கிறது. தேர்வு மண்டபத்தில் புத்தகம் இல்லாதபோதுதான் குட்டு வெளிப்படுகிறது.

அமெரிக்க உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்களில் காட்டியது. மாணவர்கள் ஒரு பகுதியை இரண்டு முறை படித்தனர். இன்னொரு பகுதியை ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை படித்ததில் 81 விழுக்காடும், எழுதிப் பார்த்ததில் 75 விழுக்காடும் நினைவில் இருந்தன. ஒரு வாரம் கழித்தோ நிலைமை தலைகீழ்: இருமுறை படித்ததில் 42, எழுதிப் பார்த்ததில் 56. படித்த கையோடு பிள்ளை கடகடவென ஒப்பிப்பதைக் கேட்டு மகிழும் பெற்றோர், அடுத்த வாரமும் ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது.

நம் நாட்டில் யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இலும் பிடி3 தேர்வு 2022இலும் ரத்து செய்யப்பட்டன. வகுப்பறை மதிப்பீட்டில் மாணவரின் அடைவு நிலை 1 முதல் 6 வரை குறிக்கப்படுகிறது. தேர்வு இல்லாததால் பிள்ளைகள் படிப்பதே இல்லை என்று பெற்றோர் குறைப்படுவதுண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. தேர்வின் பயத்தால் பாடம் ஏறுவதில்லை. ஆனால் தேர்வுக்காகச் செய்த பயிற்சியில், படித்ததை நினைவிலிருந்து எடுக்கும் வேலை இருந்தது. பயத்தை விட்டுவிட்டு அந்த வேலையை மட்டும் ஆசிரியர் வகுப்பில் வைத்துக்கொள்ளலாம்.

தமிழ்ப்பள்ளி மாணவர்களைத் தடுமாற வைக்கும் மலாய்மொழியின் பெஞ்சோடோ பிலாங்கானை எடுத்துக்கொள்வோம். கோழிக்கு செஎக்கோர், பென்சிலுக்கு செபாத்தாங், தாளுக்கு செஹெலாய், வீட்டுக்கு செபுவா. பட்டியலைப் பத்து முறை பார்த்து எழுதச் சொன்னால் கை எழுதும், மனம் வேறெங்கோ இருக்கும். பாடம் தொடங்கும் முன் ஐந்து நிமிடம், ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லி, புத்தகத்தைப் பார்க்காமல் எழுத வைத்தால் போதும். சரியான விடையை உடனே காட்டிவிட வேண்டும். இல்லையென்றால் தவறே பதிந்துவிடும். மாணவரே திருத்திக்கொள்ளட்டும், புள்ளி வேண்டாம். தவறியவற்றை வியாழக்கிழமை மறுபடி கேட்கலாம், அடுத்த மாதம் இன்னொரு முறையும் கேட்கலாம். இடைவெளி விட்டுப் படிப்பது ஒரே மூச்சில் படிப்பதைவிட மேல் என்பதை ஜெர்மானியர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இலேயே எழுதிவைத்தார்.

புள்ளி வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. ரூத் பட்லர் இஸ்ரேலியப் பள்ளி மாணவர்களிடம் நடத்தி 1988இல் வெளியிட்ட ஆய்வில், கருத்துரை மட்டும் பெற்றவர்களே முன்னேறினர். கருத்துரையோடு புள்ளியும் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. எண்ணைக் கண்டதும் பிள்ளைகள் பக்கத்து மேசையைத்தானே எட்டிப் பார்க்கிறார்கள்!

கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார் என்று மேரி பட் ரோவ் கண்டறிந்தார். மூன்று விநாடி பொறுத்தால் விடைகள் நீளமாகின்றன, பேசாத பிள்ளைகளும் வாய் திறக்கின்றனர். காசு செலவில்லாத சீர்திருத்தம் இது.

புரியாத பாடத்துக்கு இவை எதுவும் உதவாது. பின்னம் புரியாத பிள்ளைக்கு முதலில் ரொட்டி சானாயை நான்காகப் பிய்த்துக் காட்டத்தான் வேண்டும். நினைவுப் பயிற்சி அதற்குப் பிறகு.

வீட்டில் இதைச் செய்யப் பெற்றோருக்கு அந்தப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பால்மரம் வெட்டிவிட்டு வந்த அம்மா, “இன்னிக்கு என்ன படிச்ச, புத்தகத்தை மூடிட்டுச் சொல்லு” என்று கேட்கலாம். பிள்ளை எந்த இடத்தில் திக்குகிறதோ, அந்தப் பக்கத்தை மட்டும் திறந்து படித்தால் போதும்.