முட்டுக்கட்டையில இருந்து காலிப்பர் வரைக்கும்

எழுதி ரெண்டு மாசம் ஆச்சு. தோட்டத்துல காய் எடுப்பு, அதுக்கு நடுவுல வண்டி படுத்துக்கிச்சு. வண்டி படுத்த கதையைச் சொல்ல உட்கார்ந்தா, அது நூறு வருஷத்துக்கு முன்னாடி போய் நிக்குது. அதனால இந்தப் பதிவு கொஞ்சம் நீளம்.

தேவாரம் பக்கம் வராதவங்களுக்காக முதல்ல இடத்தைச் சொல்லிடுறேன். ஊர்ல நின்னு மேற்கே பார்த்தா மலை. மலைக்கு மேலே கேரளா, இடுக்கி மாவட்டம், உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்கள். வீடு இங்கே, தோட்டம் அங்கேன்னு இருக்கிறவங்க எங்க பக்கம் நிறைய. எனக்கும் மேலே ரெண்டு ஏக்கர் இருக்கு. சாக்கலூத்து மெட்டு வழியா ஏறினா கிட்டதான், ஆனா அது நடைபாதை. அதை ரோடாக்கச் சொல்லி எங்க அப்பா காலத்துல இருந்து கேட்டுக்கிட்டு இருக்கோம். நடுவுல வனம் இருக்கு, ரோடு வரலை. வண்டியில போகணும்னா வடக்கே போடி போய் போடிமெட்டு ஏறணும். இல்லைன்னா தெற்கே கம்பம் போய் கம்பம்மெட்டு ஏறணும்.

போடியில இருந்து போடிமெட்டு சுமார் 26 கிலோமீட்டர். 17 கொண்டை ஊசி வளைவு. சுமார் 1,000 மீட்டர் ஏத்தம். ஏறுறதுக்கு எஞ்சின் வேணும். இறங்குறதுக்குத்தான் பிரேக்.

அன்னிக்கு மழைத் தூத்தல்ல காய் மூட்டையோட இறங்கிக்கிட்டு இருந்தேன். பக்கத்துல மகன். பாதி வளைவு தாண்டினதும் ஸ்டியரிங் இடது பக்கமா இழுக்க ஆரம்பிச்சது. அப்புறம் கருகின வாடை. அடுத்த தடவை மிதிச்சப்ப பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போச்சு. ரெண்டாவது கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கைப் பிடிச்சு, மலைச் சுவரை ஒட்டி நிறுத்தினேன். நான் சொல்றதுக்கு முன்னாடியே மகன் குதிச்சு, ஒரு கல்லை எடுத்துப் பின்சக்கரத்துக்கு அடியில வச்சான்.

அவன் கல்லு வச்சதைப் பார்த்ததும் எனக்கு எங்க அப்பா ஞாபகம் வந்தது. அவர் சின்ன வயசுல லாரியில கிளீனர். லாரி நின்னா, நிக்கிறதுக்குள்ள இறங்கி ஓடி சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுறது அவர் வேலை. இன்னிக்கு பேப்பர்ல 'முட்டுக்கட்டை'ன்னா ஒரு நல்ல காரியத்தைத் தடுக்கிறதுன்னு அர்த்தம். மலை ரோட்டுல அது உயிரைக் காப்பாத்துற சாமான்.

யோசிச்சுப் பார்த்தா, இந்த மலைக்கும் எங்களுக்கும் உள்ள சரித்திரமே சரக்கை எப்படி இறக்குறதுங்கிறதுதான். முதல்ல தலைச்சுமை. அப்புறம் கோவேறு கழுதை. மாட்டுவண்டியைச் சரிவுல இறக்கும்போது பின்சக்கரத்தைச் சங்கிலியால கட்டி, உருள விடாம தேய்ச்சுக்கிட்டே இறக்குறது பழைய முறை. தேய்மானம்தான் பிரேக். மூணாறு தேயிலைக் கம்பெனிக்காரங்க இன்னொரு வழி கண்டுபிடிச்சாங்க. குண்டளைப் பள்ளத்தாக்கு வழியா 1902-ல ஒத்தைத் தண்டவாளமும், 1908-ல சின்ன ரயிலும் போட்டு, தேயிலையை டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தாங்க. அங்கே இருந்து கொட்டகுடிக்கு ரோப் கட்டி இறக்கினாங்க. அது அப்புறம் போடிக்கு வரும். 1924 வெள்ளத்துல அந்த ரயில் அழிஞ்சது. 1928-ல மதுரையில இருந்து போடிக்கு ரயில் வந்தது. அந்த மீட்டர் கேஜ் 2010 கடைசியில நின்னு, அகலப்பாதையா மாறி, 2023-லதான் மறுபடி போடி வரைக்கும் ரயில் வந்திருக்கு. ஆனா ரயில் அடிவாரத்தோட சரி. மலையில இருந்து அடிவாரத்துக்கு ரோடுதான்.

ரோடு வந்த பிறகு எங்க ஆளுங்களுக்கு ஜீப்புதான் எல்லாம். 1947-ல மஹிந்திரா கம்பெனி பம்பாயில வில்லிஸ் ஜீப்பைப் பூட்ட ஆரம்பிச்சது. அந்த ஜீப்புக்கு நாலு சக்கரத்துலயும் டிரம் பிரேக். டிரம்னா மூடின சட்டி. உள்ளே இருக்கிற ஷூ விரிஞ்சு சட்டியை உரசும். சூடு வெளியே போக வழி கிடையாது. சூடானா சட்டி விரியும், ஷூ எட்டாது, பெடல் கீழே போகும். மழைத்தண்ணி உள்ளே போனா சீக்கிரம் காயாது. பழைய டிரைவர்கள் வண்டியை நிறுத்தி, பீடி பத்த வச்சு, டிரம் ஆறட்டும்னு உட்கார்ந்தது சோம்பேறித்தனத்துல இல்லை.

இதுக்கு மாத்து எப்பவோ கண்டுபிடிச்சாச்சு. இங்கிலாந்துல லான்செஸ்டர்ங்கிறவர் 1902-லயே டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். சுத்துற தட்டை ரெண்டு பக்கமும் இடுக்கி மாதிரி பிடிக்கிற ஏற்பாடு. அந்த இடுக்கிதான் காலிப்பர். அவர் தாமிரப் பட்டை வச்சதால காது கிழிய சத்தம். அம்பது வருஷம் கழிச்சு, 1953 லெ மான் பந்தயத்துல டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் ஜெயிச்ச பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. நம்ம ஊர்ல, 1911-ல மதுரையில தொடங்கின டி.வி.எஸ். குழுமம் 1962-ல சென்னை பாடியில பிரேக்ஸ் இந்தியாவை ஆரம்பிச்சது. ஆனாலும் எங்க மாதிரி ஆளுங்க ஓட்டுற சரக்கு வண்டிக்கு முன்சக்கரத்துல டிஸ்க் வர இன்னும் பல வருஷம் ஆச்சு.

டவுன்ல ஓட்டுறவங்களுக்கு இது பெரிசாத் தெரியாது. ஒரு கணக்கு சொல்றேன். லோடோட ரெண்டரை டன் வண்டி 1,000 மீட்டர் இறங்கினா, அதுல வர்ற சக்தி சுமார் 80 லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கும். கியர்ல இறங்கினா பெரும்பகுதியை எஞ்சினும் காத்தும் தின்னுடும். நியூட்ரல்ல விட்டா அத்தனையும் பிரேக் தலையிலதான். பிரேக் ஆயில் வேற காத்துல உள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயிலுக்குப் புதுசுல கொதிநிலை குறைஞ்சது 205 டிகிரி இருக்கணும். ஈரம் ஏறினா அது 140 வரைக்கும் இறங்கலாம். அந்தச் சூட்டுல குழாய்க்குள்ள ஆயில் ஆவியாகும். ஆவி அமுங்கும், பிரேக் பிடிக்காது. எனக்குப் பெடல் பஞ்சானது அப்படித்தான்.

ஆறினதும் மெதுவா ஊர் வந்து சேர்ந்தோம். மெக்கானிக் கழட்டிப் பார்த்தார். இடது காலிப்பர்ல ரப்பர் உறை கிழிஞ்சு, மண்ணும் தண்ணியும் போய், பிஸ்டன் வெளியே வந்த இடத்துலயே இறுகிப் போயிருந்தது. பிரேக்கை விட்டாலும் பேடு தட்டை உரசிக்கிட்டே இருந்திருக்கு.

"வாஷர் கிட் போட்டு ஓட்டலாமா தம்பி?"

"பிஸ்டன்ல குழி விழுந்துருச்சுண்ணே. கிட் போட்டா பத்து நாள் நிக்கும், அப்புறம் ஒழுகும்."

பழைய வண்டிக்காரனுக்கு இங்கேதான் சோதனை. பழைய இரும்புக்கடையில கழட்டின காலிப்பர் மலிவா கிடைக்கும், ஆனா அது எந்த மழையில நனைஞ்சதுன்னு யாருக்குத் தெரியும்? பேர் தெரியாத டூப்ளிகேட் பாதி விலைதான். கையில வச்சுப் பார்த்தேன். பிஸ்டனை அளந்தா என் பழைசை விட சின்னது. பிஸ்டன் அளவு மாறினா ரெண்டு சக்கரமும் ஒரே மாதிரி பிடிக்காது, வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஒரே பேர்ல வர்ற வண்டிக்கே வருஷத்துக்கு வருஷம் காலிப்பர் மாறும். அதனால சேசிஸ் நம்பரைச் சொல்லி, ஒரிஜினல் ரெண்டு வாங்கினேன். கெட்டது ஒண்ணுதானேன்னு வீட்டுல கேட்டாங்க. முன்னாடி ரெண்டும் ஜோடியா மாத்தினாத்தான் சமமா பிடிக்கும். கூடவே பேடு, ரப்பர் ஹோஸ், புது டாட் 4 ஆயில். அந்த வாரம் காய் வித்த காசு அப்படியே போச்சு.

மாட்டும்போது ஒரு வேடிக்கை. உதவிக்கு இருந்த பையன் இடதை வலதுல மாட்டிட்டான். போல்ட் எல்லாம் சரியா உட்கார்ந்தது. ஆனா காத்து எடுக்கிற நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துருச்சு. நிப்பிள் எப்பவும் மேலே இருக்கணும், காத்து மேலேதான் நிக்கும். அரை மணி நேரம் பெடலை அமுக்கியும் பஞ்சு மாதிரியே இருந்ததைப் பார்த்துத்தான் மெக்கானிக் கண்டுபிடிச்சார். உங்க வண்டிக்கு யார் மாத்தினாலும் இதை ஒரு தடவை குனிஞ்சு பாருங்க.

இப்ப வண்டி நேரா நிக்குது. போன வாரம் மகன் ஓட்டினான், நான் பக்கத்துல. போடிமெட்டுல இருந்து கிளம்பும்போது அப்பா சொல்ற ஒரு சொல்லை அவனுக்குச் சொன்னேன்: எந்த கியர்ல ஏறினியோ அதே கியர்ல இறங்கு. ரெண்டாவது கியர்லயே இறக்கினான். அடிவாரம் முந்தல் வந்ததும் இறங்கி முன்சக்கரத்துக்கிட்ட கையை வச்சுப் பார்த்தேன், ரெண்டு பக்கமும் ஒரே சூடு. சீட்டுக்கு அடியில அப்பாவோட பழைய முட்டுக்கட்டை இருக்கு. அதை எடுக்கலை.